‘கு’வில் ஒரு பெயர்

ஆகஸ்ட் 2

காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். தம்பி சங்கரலிங்கம் காரோடு வந்திருந்தான். கருவாட்டை ஏழு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டியும் ரயில் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. காரிலும் அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினான்.

இலஞ்சி தபால் ஆபீசில் எனக்கு நாற்பது நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். தம்பி மனைவி இசக்கியம்மாளுக்கு இன்றோ நாளையோ என்று இருக்கிறது. அவள் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் வர முடியாது. எனக்குக் குடும்பம், குட்டி என்று எதுவும் இல்லை, கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். பிரசவம் பார்க்க வந்தவள் பிரசவத்தை மட்டும் பார்க்க வேண்டும், மற்ற எதிலும் தலையிடக் கூடாது என்று ரயிலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

மேடவாக்கத்தில் நாலாவது மாடி வீடு. பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மளிகைப் பட்டியலாக்கும் என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், பிள்ளைக்கு வைக்கப்போகும் பெயர்கள். ஆணுக்கு இருபது, பெண்ணுக்கு இருபத்தொன்று. அத்தனையும் சமஸ்கிருதமாம். எல்லாமே குட்டிப் பெயர்கள். வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் மட்டும் கேட்டேன். முதல் பெயருக்கு ‘சூரியக் கதிர்’ என்றான் தம்பி. அடுத்தது ‘சூரியனின் முதல் கதிர்’. அதற்கடுத்தது ‘அதிகாலைச் சூரியன்’. ஒன்பதாவது பெயர் வரும்போது மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

பட்டியலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தம்பி கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். அர்த்தம், ஓசை, புதுமை, எண்கணிதம், விசா என்று ஐந்து பத்திகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். விசா என்றால் என்ன என்று கேட்டேன். வெளிநாட்டு ஏர்போர்ட்டில் இருக்கும் அதிகாரி பிள்ளையின் பெயரை ஒரே தடவையில் வாசித்துவிட வேண்டுமாம். ழ, ள, ற இருந்தால் அந்தப் பத்தியில் பூஜ்யம். எங்கள் குடும்பத்தில் இதுவரை கேரளத்துப் புனலூரைத் தாண்டி யாரும் போனதில்லை.

உன் பெயருக்கு எத்தனை மார்க் வருகிறது என்று சும்மா கேட்டேன். சங்கரலிங்கம் என்று போட்டுப் பார்த்தான். ஐம்பதுக்குப் பதினொன்று. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

இசக்கியம்மாளுக்கும் போடலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

சாயங்காலம் இசக்கியை நடக்கக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். ஒரு பெண் பால்கனியில் நின்று “ஆரவ்” என்று கூப்பிட்டாள். ஊஞ்சலிலிருந்து ஒருவன், சறுக்கிலிருந்து ஒருவன், செடிக்குப் பின்னால் ஒருவன், தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒருவன் என நாலு பிள்ளைகள் திரும்பினார்கள். வாட்ச்மேன் ஏகாம்பரம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஏ பிளாக் ஆரவ், சி பிளாக் ஆரவ், பல்லு விழுந்த ஆரவ், நாய்க்காரர் வீட்டு ஆரவ். பல்லு விழுந்தவனுக்குப் பல் முளைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கவலை தனக்கும் இருக்கிறது என்றார்.

பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே ‘அமைதியானவன்’ என்று போட்டிருந்தது. அகராதியில் பார்த்தேன். ஆரவம் என்றால் பெருஞ்சத்தம். நம் ஆரவாரத்தில் இருப்பதும் அதுதான். பென்சிலால் லேசாகக் குறித்து வைத்தேன். தலையிடவில்லை, குறிப்புதான்.

ஆகஸ்ட் 8

பெண். மூன்று கிலோ நூறு கிராம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இரண்டு பேரும் சுகம்.

ஆகஸ்ட் 9

முதன்முதலில் கையில் வாங்கியது நான்தான். தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தான். மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு. காது இசக்கியின் காது. இன்னும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை. அதனால்தான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சங்கரன் பிறந்தபோது எனக்குப் பதினாலு வயது. பெண்ணாகப் பிறந்தால் வைக்கலாம் என்று ஒரு பெயர் வைத்திருந்தேன். பையன் பிறந்தான். அப்பா சங்கரன்கோவிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். அது பழைய கதை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

ஒரு தகவலுக்காக மட்டும் எங்கள் ஊர் ஜோசியர் பரமசிவத்துக்குப் போன் போட்டேன். பிறந்த நேரத்தைச் சொன்னேன். திருவாதிரை நட்சத்திரம். பெயரின் முதல் எழுத்து கு, க, ங, ச நாலில் ஒன்றாக இருந்தால் நல்லது என்றார்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் எழுத்து கு. மற்றவற்றைச் சொல்லிக் குழப்பவில்லை. ங-வில் என்ன பெயர் வைக்க முடியும்?

ஆகஸ்ட் 13

வீட்டுக்கு வந்துவிட்டோம். நாற்பத்தொரு பெயரில் ஒன்றுகூட கு-வில் தொடங்கவில்லை. தம்பி பிரிட்ஜ் கதவிலிருந்து தாளைக் கிழித்து எடுத்தான். இந்த எழுத்தெல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா என்று இசக்கி கட்டிலில் இருந்தபடி மெதுவாகக் கேட்டாள். பெரியவர்கள் சொன்னதை மீறிப் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்று தம்பி இழுத்தான். அந்தப் பெரியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பிடும்போது பொது அறிவுக்காக ஒன்று சொன்னேன். குற்றாலத்து அம்மன் பெயர் குழல்வாய்மொழி. அதுவும் தற்செயலாகக் கு-வில்தான் தொடங்குகிறது. தம்பி உடனே கட்டத்தில் போட்டுப் பார்த்தான். ஓசைக்கு நாலு. விசாவுக்குப் பூஜ்யம். இரண்டு ழ இருப்பதால் கழிக்க வேண்டும், ஆனால் கழிக்க வழியில்லை என்றான்.

பூண்டுக் குழம்பில் இன்று உப்பு கூடிவிட்டதாகச் சொன்னார்கள். கவனம் எங்கோ போய்விட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 15

குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டேன். புகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார். நல்ல மனிதர். குழந்தையின் பெயரைக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். தன் பேத்திக்கு வைத்த பெயரைச் சொன்னார். ‘கடலில் விழும் சூரியக் கதிர்’ என்று அர்த்தமாம். சிந்திய தண்ணீரைத் துடைப்பதற்குத் துணி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

காலையில் கூரியர்காரர் பெரிய பழக்கூடை ஒன்றைக் கொண்டுவந்தார். சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: ‘அன்புள்ள ஐசக், தந்தையானதற்கு வாழ்த்துகள். உங்கள் மனைவியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.’ தம்பி ஆபீஸ் போயிருந்தான். இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஐசக் என்று யாரும் இல்லை. பதினெட்டு வருஷம் தபால் ஆபீசில் இருப்பவள் நான். பிறர் பெயருக்கு வந்த பொருளை ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. ‘முகவரியில் அப்படி ஒருவர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முறைப்படி திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் மாதுளை பெரிது பெரிதாக இருந்தது. பாவம், அந்த ஐசக்குக்கும் குழந்தை பிறந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20

தம்பி ஜெயித்துவிட்டான். குவீரா. ‘வீரம் மிக்க பெண்’ என்று ஏதோ ஓர் இணையதளத்தில் போட்டிருக்கிறதாம். நாற்பத்தாறு மார்க். எண்கணிதத்தில் ஆறு வருகிறது. இந்தக் குடியிருப்பில் யாருக்கும் இல்லை. விசாவுக்கு முழு மார்க்.

சமஸ்கிருதப் பெயரில் ஒரு அதிர்வு இருக்கிறது, மந்திரம் மாதிரி, கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைக்கு அந்தக் குணம் வந்துவிடும் என்று அவன் விளக்கிச் சொன்னான். அப்படியானால் உனக்கு இருபது வருஷமாகப் ‘பொறுமையாக இரு’ என்று சொல்லியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் அறிவித்துவிட்டான். அறுபத்து மூன்று இதயங்கள் வந்தன. இசக்கியிடம் காட்டினான். “சரி” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 22

நானும் தம்பியும் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் பிள்ளை பேரில் அர்ச்சனை செய்யப் போனோம். குருக்கள் வயதில் சின்னவர். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுக்கிறார். பெயர் கேட்டார். தம்பி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். குருக்கள் தட்டைக் கீழே வைத்தார். மறுபடி கேட்டார். தம்பி மறுபடி சொன்னான்.

“சார், பதிவு பண்ணியாச்சா?” என்றார்.

இன்னும் இல்லை என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “வீரா நல்ல பேர்தான். முன்னாடி கு வந்தா அர்த்தம் கெட்டுடும் சார். குதர்க்கம், குயுக்தின்னு சொல்றோமில்லையா, அந்தக் கு. நீங்க சொல்ற பேருக்குக் கேடுகெட்ட வீராங்கனைன்னு அர்த்தம் வரும்.”

எனக்கு இருமல் வந்தது. தூணுக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது குருக்கள் தம்பியைத் தேற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற சாக்கில் சாமியையும் நாலு தடவை கூப்பிட்டுவிடலாம் என்றுதான் அந்தக் காலத்தில் சாமி பெயர் வைத்தார்கள், இப்போது பெயர் சின்னதாக, மெத்தென்று இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அதிலும் தப்பில்லை, வைப்பதற்கு முன்னால் யாராவது படித்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்றார். அர்ச்சனையைப் பெயர் சொல்லாமல் ‘குழந்தை’ என்றே செய்து முடித்தார்.

ஆகஸ்ட் 23

தம்பி வாட்ஸப் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டான். லிப்டிலும் போவதில்லை. நாலு மாடியும் படியேறியே வருகிறான்.

ஆகஸ்ட் 26

இன்று நடந்ததை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காலையில் தம்பி கு-வில் மறுபடி தேட உட்கார்ந்தான். குமுதா, குந்தவை, குணவதி என்று வாசித்தான். இசக்கி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவன், நீயும் ஏதாவது சொன்னால்தானே, எல்லாம் நான் ஒருத்தனே செய்ய வேண்டியிருக்கிறது என்று குரலை உயர்த்தினான். பத்து மாதம் சுமந்ததையும் சேர்த்தா என்று அவள் கேட்டாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான்.

மத்தியானம் பத்தியச் சோறு கொண்டுபோனேன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கண்ணீர் ரசத்தில் விழுந்தது. ஊருக்கே தெரிந்த பெயர்கள் இத்தனை இருக்க, ஏன் இப்படிப் பாடாய்ப்படுகிறீர்கள் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

“மதினி, அந்தப் பழக்கூடை எனக்கு வந்ததுதான்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கம்பெனியில் சேர்ந்த அன்று யாரோ அவள் பெயரைத் தப்பாகப் பதிந்துவிட்டார்கள். இசக்கி ஐசக் ஆகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மேலதிகாரி ஆறு வருஷமாக ஐசக் என்றுதான் எழுதுகிறார். ஒருமுறை வீடியோவில் கூட்டம் போட்டபோது, இவள் வந்து உட்கார்ந்தும் பத்து நிமிஷம் எல்லோரும் ஐசக்குக்காகக் காத்திருந்துவிட்டு, அவர் வரவில்லை என்று கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஐந்து வருஷம் முடித்ததற்குப் பரிசாக ஆண்கள் கட்டும் கழுத்துப்பட்டை வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வருகிறது. திருத்திச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“திருத்தினா, இசக்கின்னா என்னன்னு கேப்பாங்க, மதினி. காலேஜுல கேட்டாங்க. காட்டுல இருக்க சாமி, கையில பிள்ளைய வச்சிருக்கும், ஆளை அடிக்கும்னு சொன்னேன். மூணு வருசமும் என்னைய வழியில பாத்தா ஓடுத மாதிரி நடிச்சானுவ. நம்ம ஊர்க்காரங்க கேட்டா அதைவிட மோசம். பேரைச் சொன்ன உடனே எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன ஆளுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டிருதாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே முகம் மாறுதது தெரியும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எங்க அம்மனை நான் குறை சொல்லலை. எம் பிள்ளைக்குப் பேரு மட்டும் இருந்தா போதும் மதினி. அட்ரஸ் வேண்டாம்.”

தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். கவரைப் பார்த்த உடனே எந்தத் தெரு, எந்த ஆள் என்று சொல்லிவிடுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. உலகம்மாள் கையில் கொடுத்தால் பின்கோடே வேண்டாம் என்பார்கள்.

மாதுளை வாங்கி வந்து உரித்துக் கொடுத்தேன். அந்தக் கூடையில் இருந்ததைப் போலப் பெரிதாக இல்லை.

ஆகஸ்ட் 27

வெக்கை அதிகம். வேறு விசேஷம் இல்லை. பால் திரிந்துவிட்டது. நானும் சரியாகத் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 28

காலையில் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் கலந்தாள். தம்பி லேப்டாப்போடு ஹாலில் இருந்தான். எதையாவது செய்துகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டால் சுலபம் என்று சொல்லிவிட்டேன்.

“இசக்கி, ஜோசியரு நாலு எழுத்து சொன்னாரு. நான் ஒண்ணைத்தான் சொன்னேன்.”

அவள் கை வெந்நீருக்குள் அப்படியே நின்றது. “ஏன் மதினி?” என்றாள். எனக்கு ஒரு பெயர் ஆசை இருந்தது என்றேன். என்ன பெயர் என்று கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் சாயங்கால ரயிலில் இடம் இருக்கிறதா என்றுகூட மனசு ஓடியது. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பொய்யால் இவ்வளவு சிரிப்பு வருமென்றால் முன்பே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

தம்பி வந்து என்னவென்று கேட்டான். சொன்னேன். ஒரு வாரம் படியேறி வந்த கோபம் அவன் முகத்தில் ஏறியது. “ஒங்களால கேடுகெட்ட வீராங்கனைக்கு அப்பனாயிட்டேன்க்கா” என்றான். பிறகு அவனுக்கும் அடக்க முடியவில்லை. குருக்கள் தட்டைக் கீழே வைத்ததை நடித்துக் காட்டினான்.

மற்ற மூன்று எழுத்துகளை எழுதிக் கொடுத்தேன். அவன் எதையும் விடுகிற ஆள் இல்லை. ங-வில் முக்கால் மணி நேரம் தேடினான். கம்ப்யூட்டர், தப்பாக அடித்துவிட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டது. க-வில் வந்ததெல்லாம் மறுபடி கதிர். ச வந்தபோது, எழுதி வைத்திருந்ததைப் படிப்பதுபோல இசக்கி சொன்னாள்:

“சாயா.”

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். ஏழாவது மாதத்திலிருந்தே மனதில் இருக்கிறது, பட்டியலில் சேர்க்கத்தான் வாய் வரவில்லை என்றாள். சாயா என்றால் நிழல். சூரியன் இவ்வளவு இருக்கும்போது நிழலை யார் வைப்பார்கள் என்று தம்பி கேட்டான்.

“எங்க ஊர் செம்மணல் தேரிக்காட்டுல வந்து நின்னு பாருங்க. சூரியனுக்கு என்ன குறைச்சல்? பத்து மைலுக்கு நிழலுதான் இல்லை. எங்கம்மா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு பனைமர நிழல்ல நிப்பா. மரம் இம்புட்டுத்தான் அகலம். நிழல் நகர நகர நாங்களும் நகருவோம். எம் பிள்ளைக்கு நிழல்னு பேரு வைக்கணும்னு ஆசை. அது கேக்கவும் நல்லா இருக்கணும், ஆபீசுல எவனும் எழுத்துக்கூட்டித் திணறவும் கூடாது.”

தம்பி கட்டத்தைத் திறந்தான். பெயரை அடித்தான். பிறகு மார்க் போடாமலே லேப்டாப்பை மூடிவிட்டான். அவன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

ஆகஸ்ட் 29

குருக்களிடம் கேட்டு வரச் சொல்லி இந்த முறை நானே அவனை அனுப்பினேன். வாட்டத்தோடு திரும்பி வந்தான். பெயர் நல்ல பெயராம், சூரியனின் மனைவியாம். ஆனால் அந்த சாயாதேவிதான் சனீஸ்வரனைப் பெற்றவள் என்றும் குருக்கள் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு இப்போது ஏழரை வேறு நடக்கிறது. சனி என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குகிறான்.

இசக்கி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள். “அப்பம் நல்லதாப் போச்சு. பெத்த தாய் பேரை வச்சிருக்க வீட்டுல எந்த மகனாவது கை வைப்பானா?”

தம்பி யோசித்தான். தெளிந்துவிட்டான். சாயங்காலம் லிப்டில் வந்தான்.

செப்டம்பர் 1

சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. இங்கிலீஷில் எச் ஒன்றா இரண்டா, ஏ இரண்டா மூன்றா என்று தம்பி எண்கணிதம் போடுகிறான். ஒரு கணக்கில் பிள்ளை கலெக்டர் ஆகிறாள், இன்னொரு கணக்கில் அடிக்கடி சளி பிடிக்கும். கலெக்டருக்கும் சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நாப்கின் துவைக்கப் போனேன்.

துவைக்கும்போது ஒன்று தோன்றியது. சாயா என்றால் தமிழிலும் அர்த்தம் இருக்கிறது. சாயாத கொம்பு, சாயாத கோபுரம் என்கிறோமே, அந்தச் சாயா. வளையாதவள், விழாதவள். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் தம்பி அதற்கும் ஒரு பத்தி போடுவான்.

செப்டம்பர் 3

குளிப்பாட்டும்போது பிள்ளை என்னையே பார்க்கிறாள். நான் பேசினால் வாயைக் குவிக்கிறாள். இசக்கி துண்டோடு நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“குழலின்னு கூப்பிடுதியளே மதினி, அதுதான் அந்தப் பேரா?” என்றாள்.

தண்ணீர் காதில் போய்விடப்போகிறது, துண்டைக் கொடு என்றேன். அவள் விடவில்லை. சான்றிதழில் ஒன்று இருக்கட்டும், வீட்டில் கூப்பிட இன்னொன்று இருந்தால் என்ன, நீங்கள் அப்படியே கூப்பிடுங்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான் என்றாள். சொன்னபோது என் தோளில் கை வைத்தாள். அவள் இதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

ரெண்டு பேரில் கூப்பிட்டால் பிள்ளை திகைக்கும் என்றேன். கண் எரிந்தது. சாம்பிராணிப் புகை. இன்று இன்னும் புகை போடவேயில்லை என்று இசக்கி சொல்கிறாள். நேற்றுப் போட்டதாக இருக்கும்.

செப்டம்பர் 7

பெயர் வைத்தாயிற்று.

பத்து மணிக்கு முகூர்த்தம். எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார். ஏகாம்பரம் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்தார். இந்தப் பெயரில் குடியிருப்பில் வேறு யாரும் இல்லை என்பதில் அவருக்குத்தான் அதிக மகிழ்ச்சி. நாலு ஆரவும் வந்திருந்தார்கள். அகராதி சொன்னது சரிதான்.

அத்தைதான் காதில் பெயர் சொல்ல வேண்டும். மடியில் வாங்கிக்கொண்டேன். பட்டுப்பாவாடை அவளைவிட நீளம். ஒரு வெற்றிலையைக் காதோரம் மறைத்துப் பிடித்துக் குனிந்தேன். வாயருகே இரண்டு பெயர் வந்து நின்றது உண்மை. நிமிர்ந்து பார்த்தேன். இசக்கி கும்பிட்ட கையோடு நின்றிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் சரி என்பது போல ஒரு பார்வை. அதைப் பார்த்தபின் யோசிக்க ஒன்றும் இல்லை.

சாயா, சாயா, சாயா என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோருக்கும் கேட்டது. பிள்ளை கொட்டாவி விட்டாள். எதிர்வீட்டுக்காரர், இது எந்தக் கதிர் என்று என்னிடம் கேட்டார். கதிர் பட்டால் ஒதுங்குகிற இடம் என்றேன்.

மத்தியானம் தம்பி பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பினான். தாயின் பெயர் என்ற இடம் வந்ததும், உனக்கு எப்படி வேண்டும், சுருக்கிப் போடட்டுமா என்று அவளைக் கேட்டான். இசக்கி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடித்தாள். இசக்கியம்மாள். அடித்துவிட்டு, அதே கையோடு மேலதிகாரிக்கும் ஒரு மெயில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவளே வாசித்துக் காட்டினாள். ‘ஐசக் என்று யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை. ஆறு வருஷமாக உங்கள் வேலையைச் செய்வது நான். என் பெயர் இ-சக்-கி.’ அனுப்பிவிட்டுப் பாயசம் கேட்டாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 9

மேலதிகாரி பதில் எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு ஒன்றரைப் பக்கம். பழக்கூடை திரும்பி வந்ததிலிருந்து ஐசக் வீடு மாறிவிட்டார் என்று நினைத்து அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

செப்டம்பர் 10

ரயிலில் எழுதுகிறேன். கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். விழுப்புரம் வரை அதைப் பற்றியே வருந்திக்கொண்டு வந்தேன். எழுப்பியிருக்கலாம்.

செப்டம்பர் 11

காலையில் கண் அசந்துவிட்டேன். தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டையில் வந்து விழித்தேன். இனி இலஞ்சிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே புனலூர்க்காரர் ஒருவரின் டீக்கடை. பெஞ்சில் பைகளை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பெரியவர் சும்மா பேச்சுக் கொடுத்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றார். தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம். கிளாஸைக் கழுவிக்கொண்டே, “மோளுக்கு எந்தா பேரு?” என்று கேட்டார்.

“சாயா” என்றேன்.

தலையாட்டிவிட்டுத் திரும்பினார். பாலை ஊற்றி, நாலு முறை ஆற்றி, நுரை ததும்ப என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். “மோளுக்குப் பேரு?” என்று மறுபடி கேட்டார்.

கிளாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐந்து பத்தி போட்டான் தம்பி, நான் அகராதி பார்த்தேன், படித்த குருக்கள் இருந்தார். கேரள எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மலையாளத்தில் டீக்கு என்ன பெயர் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். அதுதான் பெயர் என்றேன். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நல்ல பெயர், யாருக்கும் மறக்காது என்றார். உள்ளே போய் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி ஒன்றும் கொண்டுவந்து வைத்தார், பிள்ளை பெயரில்.

ஆறுவதற்குள் குடித்தேன். திடமாக, நல்ல சூடாக, கொஞ்சம் இனிப்புத் தூக்கலாக இருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன்.